புகை அடங்கிய கங்கு

இந்தக் கோடையில் ஐந்து வாரம், தினமும் காலை ஏழேகாலுக்குப் பக்கத்து வீட்டு நோரீன் அம்மாள் வந்து எங்கள் சோபாவில் உட்கார்ந்தார். மழைக்கோட்டைக் கதவுக்குப் பின்னால் மாட்டி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, 'சரி, நான் வந்துவிட்டேன்' என்று அவர் சொன்ன பிறகுதான் என் மனைவி ஜெசிந்தா வேலைக்குக் கிளம்பலாம். நான் கழிப்பறைக்குப் போனால் பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போவேன். அவர் கழிப்பறைக்குப் போனால் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போவார். போகும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டார். பிள்ளையின் பெயர் ஆஞ்சலின். வயது எட்டு மாதம். நான் அவளுடைய அப்பா. அவளோடு நான் ஓர் அறையில் தனியாக இருக்கக் கூடாது என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அந்தத் தடை விலகுமா, அல்லது அவளை எங்களிடமிருந்தே எடுத்துக்கொண்டு போய்விடுவார்களா என்பது தெரியாமல் கழிந்தன அந்த ஐந்து வாரமும்.

நான் பெரியதாழைக்காரன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போதும் என்று ஆகிவிட்டது. மூன்று வருடம் கடலுக்குப் போனேன். பிறகு தூத்துக்குடி துறைமுகத்தில், கப்பல் தளத்தில் பெட்டிகளைக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டும் வேலை. ஜெசிந்தா நர்ஸ் படித்தவள். அயர்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது, அவளுடைய புருஷன் என்ற தகுதியில் எனக்கு விசா கிடைத்தது. பிள்ளை பிறந்ததும் அவள் வேலைக்குப் போக, நான் வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டேன். ஊரில் இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. அவர்கள் இதையும் வாசிக்கட்டும். என்னைப் போல வந்து அடைத்த வீட்டில் பிள்ளை வளர்க்கிறவர்கள் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

எனக்குப் பயம் கூடப் பிறந்தது. பூட்டிய கதவை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பேன். துறைமுகத்தில், நான் கட்டிய கம்பியை நானே திரும்பப் போய்ப் பார்ப்பதால் மேஸ்திரி என்னை 'சந்தேகம்' என்றுதான் கூப்பிடுவார். அதனால், நோரீன் அம்மாள் ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை தன் பின்கட்டில் பார்பக்யூ போடுவதாகச் சொல்லிக் கூப்பிட்டபோது எனக்கு முதலில் வந்தது பயம். பச்சை இறைச்சியைத் திறந்த வெளியில் வைத்து, பாதி வெந்தும் வேகாமலும் தின்பார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஆனால் நோரீன் அம்மாள் முப்பது வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பயத்தில் என்னைவிட ஒரு படி மேல். அவருடைய குளிர்ப்பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பச்சை இறைச்சிக்கு ஒரு தட்டு, வெந்ததற்கு வேறு தட்டு. பச்சையைத் தொட்ட இடுக்கி வெந்ததைத் தொடக் கூடாது. இறைச்சியை ஐஸ் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வைத்துக் காத்திருக்கக் கூடாது. கொழுப்பு சொட்டித் தீ எழுந்தால் இறைச்சியை ஓரமாக நகர்த்த வேண்டும். கருகியதை வெட்டி எறிய வேண்டும், அது உடம்புக்கு ஆகாது. இறைச்சி இருக்கும் அளவுக்குக் காய்கறியும் அடுப்பில் இருக்க வேண்டும். நான் அந்தத் தாளைப் போனில் படம் பிடித்துக்கொண்டேன்.

வெப்பமானியை எடுத்துக் கோழித்தொடையில் குத்தினார் பாருங்கள், அன்றைக்குத்தான் முதல்முறை பார்க்கிறேன். எங்களுக்கு வெப்பமானி என்றால் காய்ச்சல்காரன் கக்கத்தில் வைப்பது. இங்கே செத்த கோழிக்கு வைத்து, எழுபத்தைந்து டிகிரி வந்தால்தான் தட்டுக்கு விடுகிறார்கள். நான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு துண்டுக்கும் 'இதற்கு? இதற்கு?' என்று கை காட்டினேன். வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சமையலைச் சந்தேகப்படுவதாக நோரீன் அம்மாளுக்கு முதலில் ஒரு மாதிரி இருந்திருக்கும் போல. முகம் சிவந்தது. பிறகு நான் போனில் அவருடைய தாளையே எடுத்துக் காட்டியதும், 'கடைசியில் இந்தத் தெருவில் ஒருவனாவது வாசித்தான்' என்று சொல்லி இடுக்கியை என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

ஊரில் நாங்கள் மீன் சுட்டதை நினைத்துக்கொண்டேன். கரைக்கு வந்ததும் வள்ளத்து ஆட்கள் சாளை மீனை நாலு கை அள்ளி, கழுவக்கூடச் செய்யாமல், கங்கின் மேலேயே போடுவோம். தோல் கரியாகும். அந்தக் கரியை விரலால் தட்டிவிட்டு, தட்டாமலும், வாயில் போடுவோம். கருகின பக்கத்துக்குத்தான் அடிதடி. அங்கே எனக்குத் தெரிந்த ஆபத்து ஒன்றே ஒன்று: புகை. புகை வந்தால் கண் எரியும், பிள்ளைகள் இருமும், பெண்கள் திட்டுவார்கள். புகை அடங்கி, மேலே வெள்ளைச் சாம்பல் பூத்து, உள்ளே சிவப்பாக ஒரு கண் மாதிரி கங்கு கிடந்தால், இனி பயமில்லை, வீட்டுக்குள் எடுத்துப் போகலாம் என்று அர்த்தம். எங்கள் ஆட்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டாம். அந்தக் கங்கை எடுத்து, மேலே சாம்பிராணித் தூள் போட்டு, குளிப்பாட்டிய பிள்ளையின் ஈரத் தலைக்குக் காட்டுவோம். சளி பிடிக்காது, பிள்ளை நன்றாக உறங்கும்.

அன்றைக்கு ஐந்து மணி போல மழை வந்துவிட்டது. ஜூலையிலும் இங்கே மழை வந்தால் மார்கழி மாதிரி குளிரும். ஆஞ்சலினுக்கு ஏற்கெனவே மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து வெந்நீரில் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது பெரியதாழையிலிருந்து ரீட்டா அக்கா கூப்பிட்டாள். என்னைவிட ஏழு வயது மூத்தவள். அவளுக்கும் கைக்குழந்தை, மூன்றாவது.

"ஏலே, பிள்ளை என்ன இப்பிடி கொறுகொறுங்கா? நெஞ்சுல சளி கட்டிருக்குலே."

"மழைக்கா. குளிருது."

"நான் பொட்டலம் கட்டி அனுப்புன சாம்பிராணி எங்க? அலமாரில வச்சு அழகு பாக்கியோ? போடுலே இன்னைக்கு."

"கங்குக்கு எங்கக்கா போவேன் இந்த ஊர்ல?"

"வெள்ளக்காரன் கறி சுடுதான்னு இப்பதான சொன்ன. அவன் கரியில மட்டும் என்ன, பாலா வடியுது?"

நானும் சிரித்துவிட்டேன். பிள்ளையைத் துண்டில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு பின்கதவு வழியாக எட்டிப் பார்த்தேன். எல்லோரும் போய்விட்டார்கள். நோரீன் அம்மாள் கூரைத்தகட்டுக்குக் கீழே தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மழை படாமல் அதே தகட்டுக்குக் கீழே இழுத்து வைத்திருந்த அடுப்பில் கங்கு வெள்ளை பூத்துக் கிடந்தது. புகை ஒரு துளி இல்லை. நான் கங்கைக் காட்டி, என்னைக் காட்டி, எங்கள் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினேன். அவர் அதை, மிச்சக் கரியை நான் அப்புறப்படுத்தித் தருகிறேன் என்று எடுத்துக்கொண்டார். 'குட் மேன், குட் மேன்' என்று ஓர் இரும்பு வாளியைக் கொடுத்து, முதுகில் தட்டினார். இறைச்சிக்கு அத்தனை எச்சரிக்கை சொன்னவர் கங்குக்கு ஒன்றும் சொல்லவில்லையே, அப்படியானால் பயமில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். அவருக்கோ, கங்கை வீட்டுக்குள் ஒருவன் கொண்டுபோவான் என்று கனவில்கூடத் தோன்றியிருக்காது.

மாடியில் எங்கள் படுக்கை அறை சின்னது. ஒரே சன்னல். அதற்கும் இரட்டைக் கண்ணாடி. ஓரத்தில் காற்று வருகிறது என்று பிள்ளைக்காக நானே பழந்துணியைச் சுருட்டி அடைத்து வைத்திருந்தேன். பெரியதாழையில் எங்கள் வீட்டுக்குக் கதவு உண்டு, ஆனால் ஆனி ஆடியில் கச்சான் காற்று அடித்தால், அந்த மேற்குக் காற்றோடு மணலும் ஓட்டு இடுக்கு வழியாக உள்ளே வந்து சோற்றில் விழும். மூட முடியாத வீடு. அந்த வீட்டில் கங்கு என்ன செய்யும்? இங்கே வீடு என்பது மூடி போட்ட டப்பா. எனக்கு அது தெரியவில்லை. வாளியிலிருந்து இரும்புச் சட்டியில் கங்கைக் கொட்டி, சாம்பிராணி தூவி, ஆஞ்சலினின் தலையைக் காட்டினேன். அவளுக்குச் சுருட்டை முடி. புகை முடிக்குள் போய் வெளியே வருவதைப் பார்த்து அவள் கையால் பிடிக்கப் பார்த்தாள். புகை தீர்ந்தது. அறை கதகதப்பாக இருந்தது. சட்டியை வெளியே எடுத்துப் போவானேன், பிள்ளைக்குச் சூடாக இருக்கட்டும் என்று மூலையில், தூரமாக, கால் பட்டுவிடாத இடத்தில் வைத்தேன். கால் பட்டுவிடக் கூடாது என்று இரண்டு தரம் எழுந்து போய்ப் பார்த்தேன். என் பயம் அவ்வளவுதான் போனது. கதவைச் சாத்திவிட்டு அவள் பக்கத்தில் படுத்தேன். மணி ஏழரை இருக்கும். தலை வலித்தது. நாள் முழுக்க அடுப்படியில் நின்ற வலி என்று நினைத்தேன்.

ஜெசிந்தா வேலை முடிந்து வந்தது எட்டேகாலுக்கு. இந்த நாட்டில் அந்த நேரத்துக்கும் வெயில் சாயாது. மழை விட்டு, சன்னல் கண்ணாடியெல்லாம் பளபளவென்று இருந்திருக்கும். எனக்கு நினைவிருப்பது அவள் என்னைக் காலைப் பிடித்துத் தரையில் இழுத்ததுதான். பிறகு தெருவில், ஈரப் புல்லில், நான் வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிறேன். சற்றுத் தள்ளி அவள் முழங்கால் போட்டு, பிள்ளையின் வாயில் வாய் வைத்து ஊதிக்கொண்டிருக்கிறாள். பிள்ளையின் கை துணிப்பொம்மைக் கை மாதிரி தொங்கியது. நோரீன் அம்மாள் போனில் கத்திக்கொண்டிருந்தார். ஊதி ஊதி நிறுத்திய இடைவெளியில் ஜெசிந்தா என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"என்னத்தச் செஞ்சீங்க? எம் பிள்ளைய என்னத்தச் செஞ்சீங்க?"

'எம் பிள்ளை' என்றாள். நம்ம பிள்ளை என்று சொல்லவில்லை.

ஆம்புலன்ஸில் வைத்துப் பிள்ளை அழுதாள். அந்த அழுகையைப் போல ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. மூன்று நாள் ஆக்சிஜன், சோதனை, திரும்பச் சோதனை. கார்பன் மோனாக்சைடு என்று டாக்டர் தாளில் எழுதிக் காட்டினார். கரி எரியும்போது வருவது. நிறமில்லை, மணமில்லை, கண் எரியாது, இருமல் வராது. புகை அடங்கிய பிறகும், சாம்பல் பூத்த பிறகும், கங்கு சிவந்திருக்கும் வரை வந்துகொண்டே இருக்குமாம். எது பாதுகாப்பு என்று எங்கள் ஊர் முழுக்க நம்புகிறதோ, அந்த நேரத்துக் கங்குதான் என் பிள்ளையைக் கொல்லப் பார்த்தது. இப்போது நன்றாக இருக்கிறாள் என்றார் டாக்டர். மூளைக்கு ஏதாவது ஆகியிருக்கிறதா என்று கேட்டேன். 'வளர வளரப் பார்ப்போம்' என்றார். அந்தச் சொல்லை நான் இன்றுவரை மென்றுகொண்டிருக்கிறேன். அவள் கிலுகிலுப்பையைக் கீழே போட்டால், கை வழுக்கியதா, இல்லை அதுவா என்று பார்க்கிறேன்.

நாலாம் நாள் பிள்ளைகள் நல அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். மெதுவாகத்தான் பேசினார். சன்னலில் ஏன் துணி அடைத்திருந்தது? குளிருக்கு. கதவு ஏன் சாத்தியிருந்தது? சூடு போகாமலிருக்க. வீட்டில் விஷவாயுவுக்கென்று ஓர் அலாரம் இருந்ததே, அதில் பேட்டரி ஏன் இல்லை? மீன் பொரித்தால் வீட்டில் ஓர் அலாரம் ஊளையிடும். கூரையில் இரண்டு வெள்ளைத் தட்டு இருந்தன. ஒன்று புகைக்கு, ஒன்று இந்த வாயுவுக்கு என்று எனக்குத் தெரியாது. எது கத்துகிறது என்று தெரியாமல் இரண்டிலும் பேட்டரியைக் கழற்றி வைத்திருந்தேன். இதை என் இங்கிலீஷில் சொன்னபோது, 'மீன், சத்தம், பேட்டரி' என்று மூன்று சொல்தான் வெளியே வந்தது. அவர் பேனாவை மூடிவிட்டு, இன்னும் மெதுவாகக் கேட்டார்: மனசு சரியில்லாமல் இருந்தீர்களா? உங்களையும் பிள்ளையையும் ஏதாவது செய்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதா?

எனக்கு முதலில் புரியவில்லை. ஜெசிந்தா முகத்தைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் புரிந்தது. அடைத்த சன்னல், சாத்திய கதவு, கழற்றிய பேட்டரி, உள்ளே கங்கு. அவர்கள் இடத்தில் நான் இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். அன்றுதான் அந்தக் கையெழுத்தையும் வாங்கினார்கள். வீட்டுக்கு வந்து ஜெசிந்தாவிடம், "ஏளா, நீயும் அப்பிடி நெனைக்கியா?" என்று கேட்டேன்.

"நெனைக்கல" என்றாள். பையைக் கீழே வைத்துவிட்டு, "ஆனா நான் ஒரு நர்ஸ். எனக்கு அது தெரியும். உங்கட்ட சொல்லணும்னு எனக்குத் தோணல. சாம்பிராணிய நாந்தான எடுத்து அலமாரில வச்சேன்" என்றாள். அவள் அழுததை அன்று ஒரு நாள்தான் பார்த்தேன்.

நோரீன் அம்மாளும் தன்னைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டார். வாளியைக் கொடுத்தவர் தான் அல்லவா என்றார். நாளெல்லாம் எங்கள் வீட்டில் உட்காருவதற்கு அவராகவே போய்ப் பெயர் கொடுத்திருக்கிறார். ஒரு நாள் அவர் வீட்டுக்குப் பிள்ளையோடு போனபோது குளிர்ப்பெட்டித் தாளைப் பார்த்தேன். அச்சடித்த வரிகளுக்குக் கீழே பேனாவால் புதிதாக எழுதியிருந்தார்: கரி அடுப்பை, கங்கை, எந்தக் காரணத்துக்கும் வீட்டுக்குள், கூடாரத்துக்குள், கொட்டகைக்குள் கொண்டுபோகாதே. அணைந்த மாதிரி இருந்தாலும். தண்ணீர் ஊற்று, வெளியே வை, காலையில் எடு. 'அணைந்த மாதிரி இருந்தாலும்' என்பதற்குக் கீழே இரண்டு கோடு.

நாலாவது வாரம் அந்த அலுவலக அம்மாள் ஒரு வழி சொன்னார். இது உங்கள் ஊர் வழக்கம்தான் என்று உங்கள் ஊரில் யாராவது சொன்னால் நல்லது. முன்கூட்டியே சொல்லிக் கொடுக்காத ஆளாக இருக்க வேண்டும், இப்போதே, என் முன்னால் கூப்பிட முடியுமா என்று கேட்டார். எனக்கு அக்காவை விட்டால் யார்? ஆனால் அக்காவுக்கு நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மட்டும் சொல்லி, முகம் காட்டாமலே பேசி வந்தேன். மொழிபெயர்க்க வேறோர் ஊரிலிருந்து ஒரு பெண் போனில் சேர்ந்துகொண்டார். ஆஞ்சலின் நோரீன் அம்மாள் மடியில் இருந்தாள். போன் மேசை மேல்.

"அக்கா, இங்கன ஓர் ஆபீஸரம்மா இருக்காங்க. கேக்கதுக்கு உள்ளத உள்ளபடி சொல்லு."

"ஏம்லே, என்ன களவாண்ட?" என்று சிரித்தாள் அக்கா.

மொழிபெயர்க்கும் பெண் கேட்டார்: "வணக்கம். குழந்தையை நீராட்டிய பின் நறும்புகை இடும் வழக்கம் உங்கள் பகுதியில் உள்ளதா?"

"யாருலே அது, ரேடியோவுல பேசுத மாதிரி?"

"சாம்பிராணிய கேக்காங்கக்கா."

"போடாம? தலைக்குத் தண்ணி ஊத்துன அன்னைக்கெல்லாம் போடுவோம். இந்தா என் மடியில கெடக்காளே, இவளுக்குப் போட்டுட்டுத்தான் வாரேன். அவனுக்கே அம்மை மீன் ஏலத்துக்குப் போன நாளெல்லாம் நாந்தான் போட்டேன். ஏன், அந்த ஊர்ல அதுக்குப் பைன் போடுதாங்களோ?"

அலுவலக அம்மாள் வேகமாக எழுதினார். எனக்கு நெஞ்சு லேசானது. அடுத்த கேள்வி வந்தது. "அதனால் குழந்தையின் உயிருக்கு ஆபத்து நேரலாம் என்பதை அறிவீர்களா?"

அக்கா அந்தப் பெண்ணை விட்டுவிட்டு என்னிடம் திரும்பினாள். "ஏலே ஸ்டீபன், என்னலே நடந்துச்சு?"

இனி மறைக்க வழியில்லை. "அன்னைக்குச் சளிக்குப் போடச் சொன்னேல்லா. போட்டேன். சன்னல் எல்லாம் அடச்சிருந்துச்சு. கங்க உள்ளேயே வச்சிட்டேன். கங்குல ஒரு விஷக்காத்து இருக்காம்க்கா. நம்ம ஊர்ல காத்தோட போயிரும். இங்கன போக வழியில்ல. பிள்ளைக்கு மூச்சு…"

"பிள்ளை இருக்காளா?"

"இருக்கா."

"உன் கையிலயா இருக்கா?"

நான் நோரீன் அம்மாளின் மடியைப் பார்த்தேன். அவருக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. ஆனாலும் எழுந்து வந்து பிள்ளையை என் மடியில் வைத்தார்.

"நாந்தான்லே சொன்னேன்" என்றாள் அக்கா. "ஆபீஸரம்மா, அவனுக்கு ஒண்ணும் தெரியாது. அவன் பூட்டுன பூட்டையே நாலு தடவை இழுத்துப் பாக்கவன். நாந்தான் போடு போடுன்னு உசுர எடுத்தேன். எழுதணும்னா என் பேர எழுதிக்கோங்க. பிள்ளைய அவன்ட்ட இருந்து பிரிச்சிராதீங்க." பிறகு பேச்சு உடைந்துவிட்டது. மொழிபெயர்க்கும் பெண் அழுகை முடியும் வரை காத்திருந்து, இங்கிலீஷில் ஒரே ஒரு வரி சொன்னார்: அது சகோதரியின் ஆலோசனை. அந்த அளவு இங்கிலீஷ் எனக்குத் தெரியும்.

பத்து நாளில் கடிதம் வந்தது. நான் பிள்ளையோடு தனியாக இருக்கலாம். பேட்டரி கழற்ற முடியாத அலாரம் இரண்டு மாட்ட வேண்டும், மாதம் ஒரு தடவை ஒரு நர்ஸ் வந்து பார்ப்பார், நெருப்பென்று எதையும் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. மறுநாள் காலை ஏழேகாலுக்கு யாரும் வரவில்லை. ஜெசிந்தா வாசலில் வெகு நேரம் நின்றாள். கிளம்பிப் போய், பஸ்ஸிலிருந்து கூப்பிட்டாள். வேலையிடத்திலிருந்து கூப்பிட்டாள். நான் கோபப்படவில்லை. அவள் கூப்பிடாத மணியில் நானே கூப்பிட்டு, "மூச்சு விடுதா" என்று சொன்னேன்.

அக்கா இப்போதும் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறாள். பிள்ளை பிடித்துக்கொண்டு நிற்கிறாளா, பல் வந்ததா என்று கேட்கிறாள். குளிப்பாட்டினாயா என்று மட்டும் கேட்பதில்லை. போன ஞாயிறு அவள் மாதா கோயில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்த நேரம். அவளுக்குப் பின்னால் வாசல் விரியத் திறந்து கிடந்தது, காற்றில் கொடித்துணி எழும்பி எழும்பி அடித்தது. பேசிக்கொண்டே இருக்கும்போது, திரையின் ஓரத்தில், கீழேயிருந்து, சாம்பல் நிறத்தில் புகை நூல் ஒன்று எழும்பியது. அவளுடைய பிள்ளையின் ஈரத்தலை கொஞ்சம் தெரிந்தது. நான் அதைப் பார்ப்பதை அக்கா பார்த்துவிட்டாள். போனை மெல்லத் திருப்பிச் சுவருக்குக் காட்டினாள். சுவரில் காலண்டர் தொங்கியது.

"பிள்ளை சாப்பிட்டாளாலே?" என்று சுவருக்கு இந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"சாப்பிட்டாக்கா."

இங்கே சன்னல் முழுக்கத் திறந்திருந்தது. வெளியே மழை. மடியில் என் மகள் கம்பளித் தொப்பியும் கோட்டும் போட்டு, மூக்கு சிவந்து தும்மிக்கொண்டிருந்தாள். நான் அவள் மூக்கைத் துடைத்துவிட்டு, அந்தக் காலண்டரைப் பார்த்துக்கொண்டே அக்காவோடு பேசி முடித்தேன்.